நான்கு நிமிஷம் பதினொரு விநாடி

நான் தொலைபேசியில் நன்றாகப் பேசுவேன், ஐயா. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நேரில் நாலு பேர் முன்னால் நிற்கச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ரிசீவரைக் காதில் வைத்துவிட்டால் போதும், எதிர்முனையில் அழுகிறவரையும் கத்துகிறவரையும் ஐந்தே நிமிஷத்தில் உட்கார வைத்துத் தண்ணீர் குடிக்க வைத்துவிடுவேன். இந்த வேலைக்கு என்னை எடுத்ததே அதற்காகத்தான். பதினேழு வருஷம் ஆகிவிட்டது.

விசாரணை முடிந்து கோப்பை மூடிவிட்டீர்கள் என்று தெரியும். நானாகத்தான் வந்திருக்கிறேன். யாரும் அனுப்பவில்லை. உங்கள் கோப்பில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

எங்கள் அலுவலகத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நுரையீரல் கெட்டு, வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்துக்கொண்டு படுத்திருப்பவர்களுக்கு சிலிண்டர் அனுப்புவோம். ஆறு வேன்கள். காலியானதை எடுத்துக்கொண்டு நிறைந்ததை இறக்கிவிட்டு வருவார்கள். யார் வீட்டுக்கு என்றைக்கு எத்தனை என்று தீர்மானிப்பது நாங்கள். ஒரு காலத்தில் பதினொரு பேர் இருந்தோம். ஒருவர் தும்மினால் பத்துப் பேர் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குச் சின்ன அறை.

வீடுகளுக்கு முன்கூட்டியே போன் போட்டு எப்படி இருக்கிறார் என்று கேட்பது என் வேலை. அதில் ஒரு சங்கதி உண்டு. வெளியாள் கேட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். "நல்லா இருக்காருங்க, ஒரு குறையும் இல்ல" என்றுதான் வரும். மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும், மனைவி "நல்லா இருக்கார்" என்பாள். பொய் இல்லை, பழக்கம். வீட்டுக் கஷ்டத்தை ஊருக்குச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர்கள். அதனால் நான் கொஞ்சம் வேறு பேச்சுப் பேசிவிட்டு, "நேத்து படுத்துத் தூங்கினாரா, உக்காந்து தூங்கினாரா?" என்று கேட்பேன்.  பிறகு எல்லாம் கொட்டும். உட்கார்ந்து தூங்கினார் என்றால் மூச்சு போதவில்லை என்று அர்த்தம். அந்த வீட்டுக்கு ஒரு சிலிண்டர் கூடப் போகும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த மென்பொருள் வந்தது. அதற்கு நாங்கள் மாப்பிள்ளை என்று பெயர் வைத்தோம். வந்த அன்றைக்கே எல்லாரும் எழுந்து நின்று அதைக் கவனிக்க வேண்டியிருந்தது. அதற்கு என்ன வேண்டும் என்று அதையே கேட்கக் கூடாது, நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது செய்தது தப்பு என்று வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. வேறு என்ன பெயர் வைப்பது.

முதல் வருஷம் அது வெறும் எடுபிடி. கடிதத்துக்கு வார்த்தை எடுத்துக் கொடுக்கும், பட்டியலை வரிசைப்படுத்தும். இரண்டாம் வருஷம் வேன்களுக்கு வழி போட்டுக் கொடுத்தது. ஓட்டுநர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு மாலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள், சிரிப்பதை நிறுத்தினார்கள். மூன்றாம் வருஷம் அதுவே வீடுகளுக்குப் போன் பேச ஆரம்பித்தது. நல்ல குரல், பணிவான குரல். கேட்டு, எழுதிக்கொண்டு, முடிவெடுத்து, வேனுக்கும் சொல்லி, கிடங்குக்கும் சொல்லி, எல்லாம் முடிந்த பிறகு எங்களுக்குத் தகவல் வரும். வழக்கமான நாளை மாற்றினால் மட்டும் ஒரு மனிதரின் ஒப்புதல் வேண்டும் என்று விதி. திரையில் ஒரு பெட்டி வரும். கீழே "சரி", "வேண்டாம்" என்று இரண்டு பொத்தான்.

அதற்கு வேலை கற்றுக்கொடுக்க எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதித் தரச் சொன்னார் மேலாளர். நான் நாற்பது பக்கம் எழுதினேன். தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். படுத்தா, உட்கார்ந்தா என்ற கேள்வியை மட்டும் அதில் நான் எழுதவில்லை. மறந்துவிட்டது என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. பதினொரு பேர் நாலு பேராகியிருந்தோம், நாலு பேர் இரண்டு பேராகப் போகிறோம் என்று பேச்சு அடிபட்டது. கையில் ஏதாவது ஒன்று மிச்சம் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். அப்போது அதில் யாருக்கும் கெடுதல் இல்லை, ஏனென்றால் மாற்றங்கள் எல்லாம் என் கண் பார்த்துத்தான் போகும்.

அப்படித்தான் நினைத்தோம். முதலில் ஒரு நாளைக்கு இருபது பெட்டி வந்தது. ஒவ்வொன்றையும் கண்ணும் கருத்துமாகப் படித்தோம். பிறகு நூறு. கடைசியில் நானூறு. மிச்சமிருந்தது நானும் எதிர் மேஜைக் கண்ணாடிக்காரரும்தான். அவர் ஒரு கையில் தேநீர்க் குவளையை வைத்துக்கொண்டு மறு கையால் "சரி"யைத் தட்டிக்கொண்டே பெண்ணின் கல்யாணப் பேச்சைப் பேசுவார். நானும் தட்டினேன். மாதாமாதம் ஓர் அறிக்கை வரும், ஒரு ஒப்புதலுக்கு எத்தனை விநாடி என்று. இரண்டு விநாடி வந்த மாதம் மேலாளர் எங்களுக்குக் கை கொடுத்தார்.

இதெல்லாம் உங்கள் அறிக்கையில் இருக்கிறது. "பழக்கத்தின் காரணமாகப் படிக்காமல் அளிக்கப்பட்ட ஒப்புதல்" என்று எழுதியிருந்தீர்கள். நல்ல வாசகம். அதை வைத்து என்னை எச்சரித்து விட்டுவிட்டார்கள். இறந்தவர் என் சொந்த அத்தான் என்பதால் எல்லாருக்கும் என் மேல் இரக்கம் வேறு.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இது புரியாது.

அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினாறு. அப்பா இருந்தார், ஆனால் இருந்த மாதிரி இல்லை. என் தலையை வாரிவிட்டது, பள்ளிக்கூடத்து நோட்டில் அப்பாவின் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தது, காய்ச்சலில் பக்கத்தில் படுத்தது எல்லாம் அவள்தான். அந்தக் கையெழுத்து அப்பாவே போட்டதை விட நன்றாக இருக்கும். தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்றாள். "நாம ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் இப்படியே இருந்துடலாம்டி" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள். நான் அதை நம்பி எனக்கு வந்த இரண்டு இடத்தையும் தட்டிக் கழித்தேன். அவளுடைய முப்பத்தொன்பதாவது வயதில் எங்கள் சமையலறை அலமாரிக் கதவைச் சரி செய்ய ஒரு தச்சர் வந்தார். கதவையும் சரி செய்தார், அக்காவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

அத்தான் நல்ல மனிதர். அதைச் சொல்லியாக வேண்டும். என்னை "பெரிய ஆபீசர்" என்றுதான் கூப்பிடுவார். நான் தனி வீடு பார்த்துக்கொண்டு போனபோது ஒரு புத்தக அலமாரி செய்து தோளில் தூக்கி வந்து வைத்துவிட்டு, "ஆபீசர் வீட்டுல புஸ்தகம் இருக்கணுமில்ல" என்றார். மரத்தூள் அவருடைய நுரையீரலைத் தின்றது. ஆறு வருஷம் படுக்கை. அக்கா அவரைத் திருப்பிப் போடுவாள், துடைப்பாள், ஊட்டுவாள், மூக்கில் இருக்கும் குழாயை மணிக்கொரு தடவை சரி பார்ப்பாள். இடுப்பு ஒடிந்து, பாதி ஆளாகிப்போனாள். நான் போனால் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் என்னோடு உட்கார மாட்டாள். உள்ளேயிருந்து ஒரு இருமல் கேட்டால் பேச்சை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள். அவளை நான் அந்தக் கஷ்டத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். என் வீட்டில் இரண்டாவது அறையை அவளுக்காக ஒழித்து வைத்திருந்தேன். கட்டில் வாங்கிப் போட்டிருந்தேன். அவள் அதை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "இவரை இங்க எப்படி ஏத்துறது, மாடிப்படி குறுகலா இருக்கே" என்றாள். அவளுக்கு மட்டும்தான் என்று நான் சொல்லவில்லை.

இனி அந்தப் புதன்கிழமை.

மதியம் மூன்றரை மணி இருக்கும். கண்ணாடிக்காரர் பல்வலி என்று போயிருந்தார். நான் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பெட்டியில் அக்காவின் தெருப் பெயர் கண்ணில் பட்டது. கை நின்றது. படித்தேன்.

மாப்பிள்ளை எழுதியிருந்தது இதுதான்: நோயாளியின் மனைவியிடம் பேசினேன், நலமாக இருக்கிறார், குறை எதுவும் இல்லை என்றார். போன வாரம் சிலிண்டர் மிச்சமாகியிருக்கிறது, ஆகவே உபயோகம் குறைந்துள்ளது. வியாழக்கிழமை அனுப்ப வேண்டியதைத் திங்கட்கிழமைக்குத் தள்ளலாம். சரியா?

அது கெட்டிக்காரத்தனமாகத்தான் யோசித்திருந்தது. ஒரே ஒரு விஷயம் அதற்குத் தெரியாது. போன வாரம் அத்தான் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். சிலிண்டர் மிஞ்சியது அதனால்தான். எனக்குத் தெரியும், ஏனென்றால் பார்க்கப் போய் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தது நான். அக்கா ஏன் நலமாக இருக்கிறார் என்றாள் என்பதும் எனக்குத் தெரியும். அவள் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வாள். "வேண்டாம்" என்ற பொத்தானைத் தட்ட ஒரு விநாடி போதும்.

உங்களிடம் எங்கள் இருவருடைய ஒப்புதல் பட்டியல் முழுவதும் இருக்கிறது, ஐயா. எல்லாவற்றுக்கும் நேராக இரண்டு விநாடி, மூன்று விநாடி, ஒரு விநாடி. அந்த ஒன்றுக்கு நேராக நான்கு நிமிஷம் பதினொரு விநாடி என்று இருக்கும். நான் தேநீர் குடிக்கப் போயிருப்பேன் என்று நினைத்திருப்பீர்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன். பிறகு மனக்கணக்குப் போட்டேன். திங்கட்கிழமை போனவை வியாழக்கிழமை ராத்திரி வரை வரும். மிஞ்சியிருப்பது இரண்டரை நாள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி வாக்கில் தீரும் என்று வந்தது. அதில் ஒன்றரை மணி நேரம் தப்பு, ஒன்பதரைக்கே தீர்ந்துவிட்டது. "சரி"யைத் தட்டினேன். அடுத்த பெட்டி வந்தது. அதையும் தட்டினேன்.

மறுநாள் காலை வேன் ஓட்டுநர் என்னைக் கூப்பிட்டார். அத்தானுக்கு வேண்டியவர், வரும்போதெல்லாம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவர்.

"மேடம், இன்னைக்கு உங்க அக்கா வீடு லிஸ்ட்டுல இல்லையே. பக்கத்துத் தெருவுலதான் நிக்கிறேன். ரெண்டு இறக்கிட்டுப் போயிடட்டுமா?"

"லிஸ்ட்டுல இல்லேன்னா வேணாம். அப்புறம் அங்க இங்க குறைஞ்சா உங்களைத்தான் கேப்பாங்க."

"இல்ல, அவரு பாவம்..."

"மாப்பிள்ளை பாக்காமலா மாத்தியிருக்கும்? நீங்க போங்க."

அவர் போய்விட்டார். சொன்னால் கேட்கிற மனிதர். இப்போது வேலையை விட்டுவிட்டார்.

சனிக்கிழமை மதியம் அக்காவே பேசினாள். மாப்பிள்ளையிடம் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள். திங்கட்கிழமை வரும், இருப்பு போதும் என்று அது பணிவாகச் சொல்லியிருக்கிறது.

"கடைசி சிலிண்டரைப் போட்டாச்சுடி. முள்ளு பாதிக்குக் கீழ வந்துட்டுது. திங்கக்கிழமை வரைக்கும் தாங்குமா?"

"பாதிக்கு அப்புறம் மெதுவாத்தான்கா இறங்கும். கவலைப்படாதே."

"நிஜமாவா?"

"நான் பதினேழு வருஷமா பாக்குறேன்."

"சரி, நீ சொன்னா சரிதான். சாப்பிட்டியா?"

அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, ஐயா. சிலிண்டர் முதலிலும் கடைசியிலும் ஒரே மாதிரிதான் இறங்கும். சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையாகவே சாப்பிட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் என் வீட்டில், அக்காவுக்காக ஒழித்து வைத்த அறையில் ஏணி மேல் நின்று ஜன்னலுக்குத் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தேன். வெளிர் பச்சை, அவளுக்குப் பிடித்த நிறம். போன் கட்டில் மேல் கிடந்தது. ஒன்பது நாற்பதுக்கு அடித்தது. திரையில் அக்கா என்று தெரிந்தது. இறங்கினால் திரும்ப ஏற வேண்டும், பாதி வளையம் மாட்டியாகிவிட்டது. நின்றுவிட்டது. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை ரொம்ப நேரம் அடித்தது. அவள் வேறு எதற்காகவாவது கூப்பிடலாம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மாவும் கூப்பிடுவாள்.

மாப்பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனது வரவில்லை. அக்கா அடுத்து அதைக் கூப்பிட்டபோது, யாரையும் கேட்காமல் ஒரு நிமிஷத்துக்குள் வேனுக்கும் ஆம்புலன்ஸுக்கும் சொல்லிவிட்டது. அவளைத் தனியாக விடாமல், அவரை எப்படிச் சாய்த்து உட்கார வைப்பது என்று அந்த நல்ல குரலில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒரே வேன்தான், அது ஊரின் மறுகோடியில் இருந்தது. ஆம்புலன்ஸ் வர முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. நான் செய்ய வேண்டியதை அது செய்தது. கடைசியில் அதைத்தான் நிறுத்தினார்கள். வேலை போனவர்களில் ஆறு பேரைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அத்தான் புண்ணியத்துல எங்க வீட்டுல அடுப்பு எரியுது" என்றாள்.  

விசாரணையில் நீங்கள் அந்த ஒலிப்பதிவைப் போட்டீர்கள். நிறுவனத்தின் வக்கீல் கேட்டார், போட்டீர்கள், உங்கள் மேல் தப்பில்லை. "நல்லா இருக்காருங்க, ஒரு குறையும் இல்ல." அக்கா தன் குரலைத் தானே கேட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த அறையில் அவள்தான் குற்றவாளி என்பது போல் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் மட்டும் குனியவில்லை. அந்த ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரே ஒரு தடவை பேசினாள். "நான் வாயைத் திறந்தேன், அவரு போயிட்டாருடி. இனிமே திறக்க மாட்டேன்." ஏதோ துக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். மூன்று மாதம் ஆகிறது, ஐயா. ஒரு வார்த்தை வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் தலையை ஆட்டுகிறாள். டாக்டர் தொண்டையில் ஒன்றும் இல்லை என்கிறார். என்னைப் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். ஒரு நாள் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள்: "நீயும் நான் சொன்னதை நம்பித்தானே இருந்தே. உன் மேல எனக்குக் கோபம் இல்ல." அதை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இப்போதும் பையில் இருக்கிறது. காட்டட்டுமா? வேண்டாம் என்றால் சரி.

என் வீட்டுக்கு வந்துவிடு என்று கூப்பிட்டேன். வரமாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். அந்தப் படுக்கையைச் சுத்தம் செய்துகொண்டே இருக்கிறாள். விரிப்பை எடுத்து உதறி, திரும்ப விரித்து, மறுபடியும் உதறுகிறாள். யாருக்காக என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் அவளைக் கஷ்டத்திலிருந்து எடுக்கத்தானே இவ்வளவும் செய்தேன். அவள் முன்னை விட மெலிந்துபோயிருக்கிறாள். பிள்ளை மாதிரி என்னை வளர்த்தவள், அவள் குரலைக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தக் குரல் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. அழுகையாக வருகிறது. மன்னியுங்கள், முடித்துவிடுகிறேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். பொத்தானைத் தட்டியது நான். படித்துத் தட்டினேன். ஓட்டுநரைத் திருப்பி அனுப்பியது நான். சிலிண்டர் தாங்கும் என்று சொன்னதும் நான். போன் அடித்ததைக் கேட்டேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், என்ன தண்டனை என்றாலும் சரி, அதைப் பற்றி எனக்குப் பேச்சில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். அக்காவிடம் நீங்களே போய், தப்பு அவள் சொன்ன வார்த்தையில் இல்லை, தங்கச்சி படிக்காமல் தட்டிவிட்டாள், கைத்தவறு என்று சொல்லுங்கள். அதிகாரி வாயால் கேட்டால் நம்புவாள், பேசுவாள். கைத்தவறு என்றால் என்னை மன்னித்தும் விடுவாள், எனக்கு அவளைத் தெரியும். நான் வெளியே வரும்போது அவளுக்கும் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? நான் படித்தேன் என்பதை மட்டும் அவளிடம் சொல்ல வேண்டாம். அவள் தாங்க மாட்டாள் என்றுதான் கேட்கிறேன், ஐயா. எனக்காக இல்லை.